பாதி மாத்திரை

கிரைண்டர் கல் கொத்த ஆள் கூட்டி வருகிறேன் என்று மத்தியானம் போன முகம்மது மீரான், சாயங்காலம் மாலை போட்ட புது வண்டியை ஓட்டிக்கொண்டு வந்து நின்றார். சாமான் ஏற்றும் சின்ன நாலு சக்கர வண்டி. புனேயில் அதைச் சோட்டா ஹாத்தி என்பார்கள், குட்டி யானை. கசார்வாடியில் எங்கள் சந்தில் இருந்த பதினாறு வீட்டுக்கும் கால் கிலோ ஜிலேபி வந்தது. நாங்கள் தின்றோம். நேற்று வரைக்கும் பழைய ஸ்கூட்டரில் மாவு வாளியைக் கட்டிக்கொண்டு போன மனுஷன் இன்றைக்கு எப்படி வண்டிக்காரர் ஆனார் என்று ஒருத்தராவது கேட்டிருக்கலாம். ஜிலேபி சூடாக இருந்தது, கேட்கவில்லை.

அவர் மனைவி ரஹ்மத்துன்னிசாவும் கேட்கவில்லை. ஃபைனான்ஸ் கம்பெனிக் காகிதத்தில் ஜாமீனுக்கு அவள் கையெழுத்தும் வேண்டும் என்றார். அவர் விரல் வைத்துக் காட்டிய இடத்திலெல்லாம் தமிழில் பெயரை எழுதினாள். இருபது இடமாவது இருக்கும். அந்த வாரம் முழுக்க அவர் கண் மூடவில்லை என்பது அவளுக்குத் தெரியும். சந்தோஷத்தில் தூக்கம் வரவில்லை என்று நினைத்துவிட்டாள்.

இரண்டு மாதம் கழித்து அதே மனுஷன் படுத்தார். எழுந்திருக்கவில்லை, குளிக்கவில்லை, "நான் ஒங்களயெல்லாம் கெடுத்துட்டேன்" என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனபோதுதான் டாக்டரம்மா சொன்னார், இது மனசு தாறுமாறாக ஏறி இறங்குகிற நோய், வண்டி வாங்கியதும் நோய்தான், படுத்ததும் நோய்தான் என்று. மாத்திரையை விடாமல் சாப்பிட்டால் நல்லபடியாக இருக்கலாம். டாக்டரம்மாவுக்கு மராத்தி, ஹிந்தி. ரஹ்மத்துன்னிசாவின் ஹிந்தி, உளுந்து கிலோ என்ன விலை என்பதோடு முடிந்துவிடும். நடுவில் நின்று எல்லாவற்றையும் தமிழில் சொன்னது மகள் அர்ஃபா. அப்போது அவளுக்குப் பதினைந்து வயது. வாப்பாவின் வியாதியைத் தன் வாயால் உம்மாவுக்குச் சொல்ல வேண்டி வந்த பிள்ளை, வீடு வரும்வரை ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தது. அன்றைக்கே ரஹ்மத்துன்னிசா ஒரு முடிவு செய்தாள். இனி இந்தப் பிள்ளையை நடுவில் நிறுத்தி எதையும் கேட்பதில்லை. மாத்திரைச் சீட்டைக் காட்டினால் மருந்துக் கடைக்காரன் தரப்போகிறான், அவ்வளவுதானே.

வெளியில் கேட்டவர்களுக்கெல்லாம் சுகர் என்று சொன்னாள். நாங்களும் நம்பினோம். பாகற்காய் கொண்டுபோய்க் கொடுத்தவர்களும் உண்டு.

மாவு வியாபாரம் லேசான வேலையில்லை. கடையநல்லூரிலிருந்து வந்த இந்த இருபது வருஷத்தில் ரஹ்மத்துன்னிசாவின் கை உளுந்து வாசனை இல்லாமல் நாங்கள் பார்த்ததில்லை. விடிந்ததும் அரிசி ஊறும், மத்தியானம் உளுந்து. மூன்று மணிக்கு இரண்டு கிரைண்டரும் ஓட ஆரம்பித்தால் சுவரெல்லாம் அதிரும். ராத்திரி டிரம்மில் புளிக்க வேண்டும். குளிர்காலத்தில் புனேயில் மாவு பொங்காது. டிரம்களை ஒன்றோடொன்று ஒட்டி வைத்து, கோணிச் சாக்கைப் போர்த்தி, நடுவில் ஒரு குண்டு பல்பைத் தொங்கவிடுவாள். பிள்ளைக்குப் போர்த்துவதைப் போலத்தான் போர்த்துவாள். விடியற்காலம் நாலரைக்கு மாவு கிளம்பியாக வேண்டும். பிம்ப்ரியில் இரண்டு ஹோட்டல், சிஞ்ச்வட்டில் ஒரு மெஸ், அப்புறம் மகர்பட்டாவில் கம்ப்யூட்டர் கம்பெனி ஒன்றின் கேண்டீன். அறுபது கிலோ அந்தக் கேண்டீனுக்கே போகும். ஊரின் இந்த மூலையிலிருந்து அந்த மூலை. ஆறு மணிக்கு மேல் ஆனால் வாங்க மாட்டார்கள். வண்டித் தவணை மகர்பட்டாவிலிருந்துதான் வந்தது.

மீரான் ராத்திரி மாத்திரை போட்டால் காலை ஒன்பதுக்குத்தான் கண் திறப்பார். திறந்தாலும் ஸ்டியரிங் பிடிக்கிற நிலையில் இருக்க மாட்டார். டிரைவர் வைத்துப் பார்த்தாள். முதல் ஆள் டீசலை விற்றான். இரண்டாவது ஆள் விநாயகர் சதுர்த்திக்கு ஊருக்குப் போனவன் போனவனே. இரண்டு தவணை நின்றது.

ஃபைனான்ஸ் கம்பெனியிலிருந்து காளே வந்தான். கெட்டவன் என்று சொல்லிவிட முடிந்தால் மனசுக்கு லேசாக இருக்கும். அவன் அப்படியில்லை. செருப்பை வாசலில் கழற்றுவான், "பாபி" என்று அண்ணி முறை வைத்துக் கூப்பிடுவான், போகும்போது காசு கொடுத்து வீட்டுக்கு ஒரு கிலோ மாவு வாங்கிப் போவான். மூன்றாவது தவணையும் நின்றால் வண்டியை எடுக்க வேறு ஆட்கள் வருவார்கள், அவர்கள் செருப்பைக் கழற்ற மாட்டார்கள் என்று அவன்தான் ஹிந்தியும் கைஜாடையுமாகச் சொல்லிவிட்டுப் போனான்.

அன்று ராத்திரி ரஹ்மத்துன்னிசா பாக்குவெட்டியை எடுத்தாள். கல்யாணச் சீரோடு வந்தது. வெள்ளை மாத்திரையை அதன் வாயில் வைத்து அழுத்தினாள். பாதியை மீரானின் கையில் கொடுத்தாள். மற்றப் பாதியை எறிய மனசு வரவில்லை, காசு கொடுத்து வாங்கிய மருந்து. காலியான பெருங்காய டப்பா ஒன்றில் போட்டு மூடினாள். ஒரே ஒரு மாசம், பாக்கித் தவணையைக் கட்டிவிட்டால் முழுசாகக் கொடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தாள்.

பத்து நாளில் மீரான் நாலு மணிக்கு எழுந்தார்.

சும்மா சொல்லக் கூடாது, அந்த நவம்பரும் டிசம்பரும் எங்கள் சந்துக்கே வெளிச்சமாக இருந்தது. மீரான் வண்டியைத் துடைப்பார், எல்லோருக்கும் சலாம் சொல்வார், குழந்தைகளை ஏற்றி ஒரு சுற்றுக் கூட்டிப் போவார். பாக்கித் தவணைகள் கட்டியாயிற்று. ரஹ்மத்துன்னிசா ரொம்ப நாளைக்குப் பிறகு கையில் மருதாணி வைத்துக்கொண்டாள். முழு மாத்திரைக்குத் திரும்ப வேண்டிய மாசம் வந்தது, போனது. நல்லாத்தானே இருக்கார், எதற்குத் தொட்டுக் கெடுக்க வேண்டும் என்று பாக்குவெட்டி தினமும் வெளியே வந்தது.

ஜனவரியில் ஒரு வியாழக்கிழமை, ஏழு மணிக்கு மகர்பட்டா கேண்டீனிலிருந்து போன் வந்தது. மாவு வரவில்லை. மீரானின் போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. பதினொரு மணிக்கு வண்டி சந்துக்குள் வந்தது. இறங்கியவரின் சட்டை முழுக்க மாவு. முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

"எங்க போனிய? கேண்டீன்காரன் அஞ்சு தடவ போன் பண்ணிட்டான்" என்றாள் ரஹ்மத்துன்னிசா.

"கேண்டீனா? அவன் கெடக்கான். ஏளா, கசார்வாடி ஸ்டேஷன்ல நின்னேன் பாத்துக்கோ. லோக்கல் புடிக்க ஓடுதானுவ பாரு, ஃபேக்டரிக்காரனுவ, பொம்பளப் புள்ளைக, ஒருத்தன் வயித்துலயும் ஒண்ணுமில்ல. கவர்ல கட்டிக் கட்டிக் குடுத்தேன். காசு வேண்டாம், எடுத்துட்டுப் போன்னுட்டேன். அறுபது கிலோவும் அரமணி நேரத்துல காலி! நாளைக்கு அத்தன பேரும் நம்ம மாவ கேட்டு வருவான். ஸ்டேஷனுக்கு ஒரு கட. சிஞ்ச்வட், ஆக்குர்டி, தேஹு ரோடு, லோணாவ்ளா வரைக்கும்…"

"இதுக்கு மின்ன எங்க போயிருந்திய? நாலு நாளா சாயங்காலம் சாயங்காலம் எங்கயோ போறிய."

"அதச் சொல்லத்தான வந்தேன்" என்று சட்டைப் பையிலிருந்து ஒரு ரசீதை எடுத்து அவள் கையில் வைத்தார். "ரெண்டாவது வண்டி. இதவிடப் பெருசு. அட்வான்ஸ் கட்டியாச்சு."

"எந்தக் காசுல?"

"நீ அரிசி டின்னுல வச்சிருந்தியே, அதான்."

அரிசி டின்னில் இருந்தது அடுத்த இரண்டு தவணைக்குச் சேர்த்த பணம். ரஹ்மத்துன்னிசா ரசீதை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். அவர் அதற்குள் வெளியே போய் எதிர்வீட்டு வாசலில் நின்று லோணாவ்ளா கதையை ஆரம்பித்துவிட்டார். நாங்கள் அன்றைக்குச் சிரிக்கவில்லை. ரெண்டு வருஷத்துக்கு முந்தைய ஜிலேபி அப்போதுதான் எங்களுக்குத் தொண்டையில் நின்றது.

பள்ளிக்கூடத்துக்கு அன்று அர்ஃபா போகவில்லை. உம்மா சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டதால், ரசமாவது வைப்போம் என்று அடுக்களைக்குப் போனாள். பெருங்காயத்தைத் தேடி எடுத்த டப்பா கலகலவென்றது. புனேயில் வளர்ந்த பிள்ளை, அவள் தமிழில் பாதி ஹிந்தி.

"உம்மா, இந்த ஹிங் டப்பால என்ன? இது வாப்பாவோட தவாய்தானே? ஏன் ஆதா ஆதாவா இருக்கு?"

ரஹ்மத்துன்னிசா எட்டி டப்பாவை வாங்கப் பார்த்தாள்.

"உம்மா, நீங்க கட் பண்ணீங்களா?"

"மாத்திர போட்டா ஒங்க வாப்பா எந்திரிக்க மாட்டேங்காக. எந்திரிக்காட்டி மாவு போவாது. மாவு போவாட்டி வண்டிய தூக்கிட்டுப் போயிருவான். நான் என்ன செய்யட்டும், சொல்லு."

"டாக்டர்கிட்ட பூச்சனும்ல? கேக்கணும்ல?"

"எப்பிடிக் கேக்க? ஒன்னத்தான நடுவுல நிறுத்தணும்."

அர்ஃபா டப்பாவை மூடி உம்மாவின் மடியில் வைத்துவிட்டு அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். ரசம் வைக்கவில்லை.

சாயங்காலம் ரஹ்மத்துன்னிசா சிஞ்ச்வட் போனாள். அங்கே ஒரு அடுக்குமாடி சொசைட்டியில் விச்சு என்கிற விஸ்வநாதன் இருந்தார். பாங்கில் கடன் பிரிவில் முப்பது வருஷம் இருந்து ரிடையர் ஆனவர். அவர் மனைவி பாலாம்பாள் வாரம் இரண்டு கிலோ மாவு வாங்குகிறவள். இவள் முகத்தைப் பார்த்ததும் பாலாம்பாள் காபி கலக்க உள்ளே போனாள். இவள் சுகர், சுகர் என்றே கதையை ஆரம்பித்தாள். விச்சு பொறுமையாகக் கேட்டுவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"சுகருக்கு யாரும் ரெண்டாவது வண்டி புக் பண்ண மாட்டா. என்னன்னு சொல்லுங்கோ."

சொன்னாள். மாத்திரைக் கதையை மட்டும் விட்டுவிட்டாள்.

"சரி. கேட்டுக்கோங்கோ. மொதல்ல, அவா வந்து ரோட்டுல வண்டிய பிடுங்கற வரைக்கும் விடக் கூடாது. பிடுங்கினா ஏலத்துல பாதி விலைக்குப் போகும், மீதிக் கடன் உங்க தலையிலயே நிக்கும். நீங்களே கம்பெனிக்கு லெட்டர் எழுதணும். இன்ன காரணத்தால கட்ட முடியல, உங்க சம்மதத்தோட நாங்களே நல்ல ஆளாப் பாத்து வித்து கடன அடைக்கறோம், அதுக்கு ரெண்டு மாசம் டயம் குடுங்கோன்னு. மீதி இருந்தா கொஞ்சம் கொஞ்சமாக் கட்டறோம்னு. அவாளுக்கும் அதான் லாபம். ரெண்டாவது வண்டி அட்வான்ஸையும் அதே காரணம் காட்டித் திருப்பிக் கேக்கலாம். எல்லாத்துக்கும் டாக்டர் சர்டிஃபிகேட் வேணும்."

"சுகர்னு எழுதி வாங்குனா ஆவாதா சார்?"

"ஆகாதும்மா. உள்ளது உள்ளபடி இருக்கணும்."

"வண்டி போச்சுன்னா மகர்பட்டா போயிரும். அப்புறம் நாங்க என்னத்தத் திங்க?"

உள்ளேயிருந்து காபியோடு வந்த பாலாம்பாள் சொன்னாள்: "வண்டி வரதுக்கு முன்னாடி என்னத்தச் சாப்பிட்டேளோ, அதையே சாப்பிடலாம். மீரானுக்கு ஒண்ணுன்னா வண்டிய வச்சுண்டு என்ன பண்ணுவே ரஹ்மத்து?"

திரும்பி வரும் லோக்கல் ரயிலில் ரஹ்மத்துன்னிசா அழுதாள். விச்சுவுக்குத் தெரியாதது அவளுக்குத் தெரியும். சர்டிஃபிகேட் வேண்டும் என்றால் டாக்டரம்மாவிடம் போக வேண்டும். போனால் முதல் கேள்வியே மாத்திரை சரியாகக் கொடுத்தாயா என்பதாகத்தான் இருக்கும்.

மறுநாள் மீரானை ஆஸ்பத்திரிக்குக் கிளப்பியதே பெரிய பாடு. லோணாவ்ளா கடைக்கு டாக்டரம்மாவைப் பங்குதாரர் ஆக்கலாம் என்று சொல்லித்தான் அர்ஃபா ஆட்டோவில் ஏற்றினாள். அங்கே வாசலில் அவரை உட்கார வைத்துவிட்டு உம்மாவும் மகளும் உள்ளே போனார்கள். நினைத்த கேள்விதான் வந்தது. ரஹ்மத்துன்னிசா பைக்குள்ளிருந்து பெருங்காய டப்பாவை எடுத்து மேஜைமேல் வைத்துத் திறந்தாள். அறுபது எழுபது பாதி மாத்திரை. பெருங்காய வாசனை அறை முழுக்க வந்தது.

"சொல்லுளா" என்றாள் மகளிடம். "நாந்தான் வெட்டுனேன்னு சொல்லு. வண்டிக்காவ வெட்டுனேன்னு சொல்லு. மறைக்காம சொல்லு."

அர்ஃபா சொன்னாள். உம்மா வெட்டினாள் என்று சொல்லவில்லை. வீட்டில் பாதிதான் கொடுத்தோம், விடியற்காலையில் அவர் எழுந்தால்தான் எங்களுக்குச் சாப்பாடு என்று சொன்னாள். ரஹ்மத்துன்னிசாவுக்கு அந்த அளவு ஹிந்தி புரிந்தது.

டாக்டரம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. டப்பாவைத் தன் பக்கம் எடுத்து வைத்துக்கொண்டு, ஹிந்தியில் ஏதோ சொன்னார்.

"என்ன சொல்லுதாக?"

"தூக்கம் ஜாஸ்தின்னு அப்பவே சொல்லிருந்தா, சாயங்காலமே போட்டுக்கச் சொல்லிருப்பாங்களாம் உம்மா. இல்லன்னா வேற தவாய் பாத்திருப்பாங்களாம். அது… அது ஒரு கேள்விதானாம்."

ஒரு கேள்வி. பிள்ளை மனசு நோகக் கூடாது என்று விழுங்கிய அந்த ஒரு கேள்வி. ரஹ்மத்துன்னிசா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அர்ஃபா அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மீரானைப் பதினெட்டு நாள் அங்கேயே வைத்திருந்தார்கள். அந்த நாட்களில் எங்கள் சந்தில் சுகர் என்ற பேச்சு நின்றது. ரஹ்மத்துன்னிசாவே வாசலில் நின்று சொன்னாள், இன்ன வியாதி என்று. இரண்டு வீட்டார் பிள்ளைகளை அந்தப் பக்கம் விடுவதை நிறுத்தினார்கள். மற்றவர்கள் கொஞ்சம் வெட்கப்பட்டு, மாவு வாங்கும் சாக்கில் உளுந்து களைந்து கொடுத்தோம்.

டாக்டரம்மா தந்த சர்டிஃபிகேட்டை வைத்து விச்சு கடிதம் எழுதினார், காளே அதைத் தன் மேலதிகாரி வரைக்கும் கொண்டு போனான். சாகண் பக்கத்து வெங்காய வியாபாரி ஒருவர் வண்டியைப் பார்க்க வந்தார். கம்பெனி சம்மதித்தது. பணம் நேராக அங்கே போயிற்று. இரண்டாவது வண்டி அட்வான்ஸில் ஒரு பங்கைக் கழித்துக்கொண்டு மிச்சம் திரும்பி வந்தது. அப்படியும் கொஞ்சம் பாக்கி நின்றது, அதை மாசாமாசம் கட்ட வேண்டும். மகர்பட்டா கேண்டீன்காரர்கள் வேறு ஆள் பார்த்துக்கொண்டார்கள். மாவு இப்போது காலை எட்டு மணிக்கு ஷேர் ஆட்டோவில் போகிறது. பிம்ப்ரியில் ஒரு ஹோட்டல்காரர் அந்த நேரத்துக்கு ஒத்துக்கொண்டார், ஒருத்தர் ஒத்துக்கொள்ளவில்லை.

வியாபாரி வண்டியை எடுக்க வந்த அன்று மீரான் வீடு திரும்பி நாலு நாள் ஆகியிருந்தது. உடம்பு மெலிந்து, பேச்சு மெதுவாகி, கட்டிலில் உட்கார்ந்திருந்தார். சாவியை அர்ஃபா கொடுக்கப் போனாள். அவர் எழுந்து வந்து வாங்கிக்கொண்டார். வண்டிக்குள் எட்டி, சீட்டுக்கு அடியில் காய்ந்து கிடந்த மாவை நகத்தால் சுரண்டினார். பிறகு வியாபாரியிடம் சாவியைக் கொடுத்து, "ரெண்டாவது கியர் கொஞ்சம் முரண்டும். அடிக்காதிய, மெள்ளப் போட்டா விழும்" என்றார். தமிழில்தான் சொன்னார். வியாபாரிக்குப் புரியவில்லை, தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

வண்டி சந்து முனை திரும்பிய பிறகு கணவனும் மனைவியும் உள்ளே வந்தார்கள். ரஹ்மத்துன்னிசா அவர் காலடியில் தரையில் உட்கார்ந்தாள். இதைச் சொல்வதற்கு மகள் நடுவில் வேண்டாம்.

"ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். மூணு மாசமா நான் ஒங்களுக்குப் பாதி மாத்திரதான் தந்தேன். பாக்குவெட்டியால வெட்டித் தந்தேன்."

மீரான் ஜன்னல் வழியே வண்டி நின்ற இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எண்ணெய்க் கறை மட்டும் தரையில் இருந்தது.

"தெரியும்" என்றார்.

"தெரியுமா?"

"முழு மாத்திர நாக்குல வழுவழுன்னு இருக்கும். பாதின்னா ஒரு பக்கம் கரகரங்கும். மொத நாளே தெரியும்."

"பொறவு ஏன் கேக்கல? கையப் புடிச்சு, என்னளா இதுன்னு ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா?"

அவர் ஜன்னலிலிருந்து திரும்பினார்.

"கேட்டா நீ முழுசாக் குடுத்துருவியே" என்றார். "எனக்கு முழிச்சுக்கிட்டு இருக்கணும்னு இருந்துச்சு ரஹ்மத்து. வண்டி ஓட்டணும்னு இருந்துச்சு. நீ எனக்காவ வெட்டுதேன்னு நெனச்சுக்கிட்டேன்."

அவள் அவர் முழங்காலில் தலையைச் சாய்த்து அழுதாள். அவர் அவள் தலையில் கை வைத்தார். அந்தக் கை நடுங்கியது. அது மாத்திரையால் வருகிற நடுக்கம், போகப் போகக் குறையும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார்.

ஆறு மணிக்குக் கிரைண்டரை நிறுத்திவிட்டு, கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு, ரஹ்மத்துன்னிசா மாத்திரையையும் தண்ணீரையும் கொண்டு வந்தாள். அர்ஃபா பாடப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தாள். மீரான் மாத்திரையை வாங்கி உடனே வாயில் போடவில்லை. இரண்டு விரலுக்கு நடுவில் பிடித்து அதன் ஓரத்தை ஒரு சுற்றுத் தடவிப் பார்த்தார். வட்டமாக இருந்தது. போட்டுக்கொண்டு தண்ணீர் குடித்தார்.

"வாயத் திறங்க" என்றாள் அவள்.

திறந்து காட்டினார். நாக்கைத் தூக்கியும் காட்டினார்.

வருஷம் ஒன்று ஆகப் போகிறது. தினமும் ஆறு மணிக்கு அவர் தடவிப் பார்க்கிறார், அவள் வாயைத் திறக்கச் சொல்கிறாள். ஒருவரும் அதற்காக மற்றவரைக் கோபித்துக்கொள்வதில்லை.